குணமாகாத நோய்க்கும் செய்ய வேண்டியது உண்டு



சிலமலைப் பக்கத்துக் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. தவணையும் நின்றது. அபராதம் போடலாமா என்று பேச்சு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த அவர் கணவருக்கு முதலில் கையில் பிடி விட்டது, பிறகு கால் துவண்டது, இப்போது பேச்சும் குழறுகிறது. வாதம் என்று எண்ணெய் தேய்த்து, ஊர் ஊராக வைத்தியம் பார்த்து, குழுக் கடன் முழுதும் அதிலேயே கரைந்துவிட்டது. "குணமாகும்னு யாராவது சொன்னா ஓடிருவேன்க்கா" என்றார்.

இந்த நோயின் பெயர் ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. இது தொற்றாது. செய்வினையும் இல்லை. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ரிலுசோல் மாத்திரை சில மாதம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பலர் 2 முதல் 5 ஆண்டு இருப்பார்கள். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1963-ல் நோய் தெரிந்து 2018 வரை வாழ்ந்தது அபூர்வம். தென்னிந்தியாவில் இளவயதில், காது மந்தத்தோடு வந்து மெதுவாகப் போகும் ஒரு வகையும் உண்டு. 1970-ல் சென்னை மருத்துவர்கள் அதை விவரித்ததால் 'மெட்ராஸ் வகை' என்றே பெயர். ஆகவே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்தில் நரம்பியல் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குமேல் கடன் வாங்கி அலைய வேண்டாம்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. வேலையே இனிமேல்தான்.

தண்ணீர்தான் அதிகம் புரையேறும், கூழ் பதம் நல்லபடி இறங்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் ஊட்டுங்க. சாப்பிட்ட உடனே படுக்க வைக்கக் கூடாது. படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிவிடுங்க. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம் என்றால் இரவில் மூச்சு பற்றவில்லை என்று அர்த்தம், மருத்துவரிடம் சொல்லுங்க. மார்ஃபின் என்றதும் பயப்படுகிறோம். மருத்துவர் சொன்ன சிறு அளவில் அது மூச்சுத்திணறலின் தவிப்பை அடக்கும்.

பெரும்பாலோருக்கு அறிவும் காதும் தொடு உணர்வும் கடைசிவரை இருக்கும். அவர் முன்னாலேயே "இன்னும் எத்தனை நாளோ" என்று பேசுகிறோமே, அதெல்லாம் காதில் விழுகிறது. பேச்சு போன பிறகு உயிரெழுத்து, மெய்யெழுத்தை அட்டையில் எழுதி விரலால் தொட்டுக்கொண்டே போனால், வேண்டிய எழுத்தில் கண் சிமிட்டுவார். வயிற்றில் குழாய் வைப்பதா, மூச்சு இயந்திரம் வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே அவரிடமே கேளுங்க. மூச்சு ரொம்பத் தளர்ந்தபின் குழாய் வைப்பது ஆபத்து. தன் விருப்பத்தை எழுதி வைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது.

இப்படிப் பார்த்துக்கொள்வதைத்தான் நோய் ஆதரவு சிகிச்சை என்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, பிறகு அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போகும் அளவுக்கு வளர்ந்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டன. கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுங்க.

நோயாளியைவிட முதலில் தளர்வது பார்த்துக்கொள்ளும் பெண்தான். முதுகு போகும், தூக்கம் போகும், கூலியும் போகும். அந்தக் குழு அபராதம் எழுதவில்லை. தவணையைத் தள்ளி வைத்துத் தீர்மானம் போட்டார்கள். ஊட்டுவது, புரட்டுவது எப்படி என்று அவரிடமே கற்றுக்கொண்டு, வாரத்தில் இரண்டு மதியம் இரண்டு பேர் முறைவைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தில் அவர் வெளியே எங்கும் போவதில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்குகிறார்.