பயிருக்குள்ளே ஒரு குடித்தனம்

விதைத்து 25 நாள் ஆன உளுந்துச் செடி ஒன்றைப் பிடுங்காமல், மண்ணோடு கொத்தி எடுத்து, வாய்க்கால் நீரில் மெல்ல அலசிப் பாருங்கள். வேரின் பக்கங்களில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் சிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பூச்சியும் நோயும் மட்டுமே பயிருக்குள் புகும் என்று எண்ணிப் பழகிய நமக்கு, அதன் உடலுக்குள்ளேயே நன்மை செய்யும் உயிர்களும் குடித்தனம் நடத்துகின்றன என்பதற்கு அந்தச் சிவப்பே சாட்சி.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். தழைச்சத்துக்கு மூலப்பொருள் அதுவே. ஆயினும் பத்தாயம் நிறைய நெல் இருந்தும் பூட்டைத் திறக்கச் சாவி இல்லாதவன் நிலையில்தான் பயிர் நிற்கிறது. தொழிற்சாலையில் அப்பூட்டைத் திறக்க 400 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. யூரியாவின் விலையில் அந்த எரிபொருளின் செலவும் சேர்ந்தே இருக்கிறது. வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவோ, வயலின் வெப்பத்திலேயே அவ்வேலையைச் செய்து விடுகிறது. அதற்கு உதவும் நொதி, பிராணவாயு மிகுந்தால் கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ பிராணவாயு வேண்டும். ஆகவே நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு பொருள் முடிச்சினுள் உருவாகி, பிராணவாயுவை அளந்து அளந்து கொடுக்கிறது. முடிச்சு சிவந்திருப்பது அதனால்தான். பாக்டீரியாவுக்குச் செடி சர்க்கரை தருகிறது. செடிக்கு அது தழைச்சத்து தருகிறது. பழைய கிராமத்துப் பண்டமாற்று என்றே இதைச் சொல்லலாம்.

இவ்வுண்மை வெளிப்பட்ட விதம் சுவையானது. ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் சத்தற்ற மணலில் ஓட்ஸையும் பட்டாணியையும் வளர்த்தனர். தழைச்சத்து இடாத மணலில் ஓட்ஸ் வாடியது. பட்டாணி சில சட்டிகளில் செழித்தது, சிலவற்றில் வாடியது. கிருமி நீக்கிய மணலில் பட்டாணியும் தலையெடுக்கவில்லை. வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் அது தேறியது. மண்ணில் உள்ள ஏதோ ஓர் உயிரே காரணம் என்று அவர்கள் 1886-ல் அறிவித்தனர். 1888-ல் ஹாலந்து நாட்டு பைஜரிங்க் அவ்வுயிரைத் தனியே பிரித்தெடுத்தார்.

முடிச்சு இல்லாத பயிர்களிலும் இத்தகைய குடிகள் உண்டு என்பது பின்னர்த் தெரிய வந்தது. பிரேசிலில் யோகன்னா டோபரைனர் என்ற அம்மையாரும் அவருடைய சகாவான கவல்காண்டேயும், கரும்பின் வேரிலும் தண்டிலும் காற்றின் நைட்ரஜனைக் கவரும் பாக்டீரியா ஒன்று வாழ்வதை 1988-ல் வெளியிட்டனர். இன்று குளுக்கோனசிட்டோபாக்டர் என்று வழங்கும் அது சர்க்கரைப் பிரியன். நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரை கலந்த நீரிலும் நன்றாக வளரும். வெறும் மண்ணில் அது நெடுநாள் பிழைப்பதில்லை. கரணை வழியாகவே அடுத்த பயிருக்குப் போய்ச் சேருகிறது. நம் மாநிலத்திலும் கரும்புக்கு இதனை உயிர் உரமாகப் பரிந்துரைக்கிறார்கள். எல்லா இரகங்களும் ஒரே அளவில் இதனால் பயன் அடைவதில்லை. ஆதலின், இதை இட்டால் யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று சொல்லும் வியாபாரியின் பேச்சை நம்பிவிட வேண்டாம்.

உளுந்துக்கு வருவோம். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கும் நெல்லின் நடுவே உளுந்து தெளிக்கும் டெல்டாப் பகுதியில் அடியுரம் இட வழியே இல்லை. மாதக்கணக்கில் நீர் நின்ற நிலத்தில் இந்தப் பாக்டீரியாவும் குறைந்து போயிருக்கக் கூடும். விதையோடு அதை அனுப்பி வைப்பதே உபாயம். ஒரு ஹெக்டேருக்கான விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று போதும். அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையில் பூசி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் தெளித்துவிட வேண்டும். கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதைப் பெண்மக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சூட்டில் பாக்டீரியா வெந்துபோகும். பூஞ்சாண மருந்து கலப்பதாயின் அதை முந்திய நாளே முடித்துவிடுங்கள். பொட்டலத்தில் பயறு என்று இருக்கிறதா, நிலக்கடலை என்று இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்கு உரிய குடி மற்றொன்றில் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

இன்னொன்று. வேரில் காணும் வீக்கம் யாவும் நல்ல முடிச்சு அல்ல. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். வேரே பருத்துத் திரண்டிருந்தால் அது நூற்புழுவின் வேலை.

நாம் முன்பு பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில், தை மாதத்தில் வழங்கிய பொட்டலங்களால் ஒரு பயனும் காணவில்லை. முடிச்சுகள் அரிதாக இருந்தன, இருந்தவையும் வெளிறியிருந்தன. குடியானவர்கள் முறைப்படி விதை நேர்த்தி செய்யவில்லை என்று நாமே அறிக்கை எழுதினோம். “கரித்தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தீர்கள், ஐயா” என்று ஒரு பெரியவர் சொன்னது நமக்குக் கோபத்தையே உண்டாக்கியது. பிறகு வேளாண்மை அலுவலரான நண்பர் ஒருவர், மீதிப் பொட்டலத்தைக் காட்டுங்கள் என்றார். காலாவதித் தேதி கடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தகரக் கூரையின் கீழ் உரமூட்டைகளோடு அவற்றை அடுக்கி வைத்திருந்ததும் நாம்தாம். கிராமுக்கு 5 கோடி உயிராவது இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட பொட்டலம், பெரியவர் சொன்னபடி கரித்தூளாகவே ஆகிவிட்டிருந்தது. அறிக்கையைத் திருத்தி எழுதினோம். ஆனால் அந்தப் போகத்து உளுந்தைத் திருத்த முடியவில்லை.

மறு ஆண்டு, பொட்டலங்களைக் கொடுக்குமுன் ஹெல்ரீகலின் வழியையே பின்பற்றினோம். ஆற்று மணலைக் கழுவி, வறுத்து, ஆறவிட்டு மூன்று சட்டிகளில் நிரப்பினோம். கொதித்து ஆறிய நீரே ஊற்றினோம். முதல் சட்டியில் புதிய பொட்டலம் பூசிய உளுந்து, இரண்டாவதில் ஒன்றும் பூசாத உளுந்து, மூன்றாவதில் பழைய பொட்டலம் பூசிய உளுந்து. ஊராட்சி அலுவலகத் திண்ணையில் ஊரார் காண அவை இருந்தன. 25-ஆம் நாள் சட்டிகளைக் கவிழ்த்தோம். முதல் சட்டியின் வேர்களில் முடிச்சுகள் திரண்டிருந்தன. மற்ற இரண்டிலும் வேர் வெறுமையாக இருந்தது. அந்தப் பெரியவர் ஒரு முடிச்சைக் கிள்ளிச் சிவப்பைப் பார்த்தார். பிறகு பழைய பொட்டலத்துச் சட்டியைக் காட்டி, “போன வருஷம் எங்களுக்குக் கிடைத்தது இதுதானே, ஐயா?” என்றார்.

“ஆம்” என்றோம்.

அவர் மூன்று பொட்டலங்களை எடுத்துத் தேதியைப் பேரனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். விதைக்கும் வரை அவற்றை வீட்டில் எங்கே வைப்பது என்று வினவினார். வெயில் படாத இடத்தில், தண்ணீர்ப் பானையின் அருகே வைக்கலாம் என்றோம்.