பெருமீன்களைப் பேணுதல்

நம் ஊராட்சிகளுக்கு வருவாய் தரும் இனங்களுள் மீன்பாசிக் குத்தகையும் ஒன்றாகும். ஏரி நிறைந்த ஆண்டில் குஞ்சுகளை விட்டு, நீர் வற்றும் காலத்தில் பிடித்து விற்கிறோம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகளுக்கு இம்முறை ஏற்றதே. அவை ஓராண்டளவில் விற்பனைக்கு உரிய பருவம் அடைகின்றன. மறு ஆண்டு புதிய குஞ்சுகளை வாங்கி விடலாம். ஆனால் எல்லா மீனும் இவ்வாறு வளர்வதில்லை. மெல்ல வளர்ந்து, பல்லாண்டு வாழ்ந்து, பேருருவம் அடையும் மீன்களும் நம் நாட்டு ஆறுகளில் உண்டு. அவற்றிற்கு வேறு விதி வேண்டும். அவ்விதி யாதென்பதைக் காவிரியின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

காவிரியின் பெருமீன்

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மகாசீர் மீன்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று கூன்முதுகு மகாசீர். காவிரியும் அதன் கிளையாறுகளுமே இதன் தாயகம். உலகில் வேறெங்கும் இஃது இயற்கையாக வாழ்வதில்லை. சென்னை மாகாணத்தில் அரசுப் பணி புரிந்த எச். எஸ். தாமஸ் என்பார் 1873ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டில் வேட்டையைப் பற்றி நூல் எழுதியது முதல், காவிரி நாட்டு மகாசீரின் புகழ் கடல் கடந்து பரவிற்று. 1946ஆம் ஆண்டில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலிட்டுப் பிடித்த மகாசீர் 120 இராத்தல் எடையுள்ளது. அஃதாவது ஏறக்குறைய 54 கிலோ.

இத்தகைய மீன் ஒரு பருவத்தில் உருவாவதன்று. ரோகு மீன் தன் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு இலட்சத்திற்கு மேற்பட்ட முட்டைகளை இடும். மகாசீரோ சில ஆயிரங்களே இடும். மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறிச் சென்று, தெளிந்த நீரோடும் கூழாங்கல் படுகையில் அது முட்டையிடுகிறது. அணைகள் அதன் வழியை மறித்தன. மணல் அள்ளுதல் படுகையைக் குலைத்தது. வெடியும் நஞ்சும் தாய்மீனையும் குஞ்சையும் ஒருங்கே அழித்தன.

பிடித்து விடுதல்

இந்நிலையில், கர்நாடகப் பகுதிக் காவிரியில் 1970களுக்குப் பின் ஒரு புதுமுறை வேரூன்றியது. விளையாட்டாகத் தூண்டிலிடுவோர் மீனைப் பிடித்து, எடை குறித்துக்கொண்டு, உயிருடன் ஆற்றிலேயே விட்டனர். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களுள் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றனர். உயிருள்ள பெருமீன் ஊராருக்குக் கூலி தந்தது.

இம்முறையால் மற்றொரு பயனும் விளைந்தது. காலிபோர் என்னுமிடத்தில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட 6,000க்கு மேற்பட்ட மகாசீர்களின் கணக்கு எஞ்சியது. அதனை ஆராய்ந்தபோது திடுக்கிடத்தக்க உண்மை புலப்பட்டது. பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆயினும் கூன்முதுகு மகாசீர் ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. பெருகியது நீலத்துடுப்பு மகாசீர் என்னும் வேறினம்.

அவ்வினம் காவிரிக்கு எவ்வாறு வந்தது? ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்துடன், மகாராட்டிரத்து லோனாவாலாப் பொரிப்பகக் குஞ்சுகள் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்து விடப்பட்டன. வந்த மீன் பெருகிற்று. இருந்த மீன் அருகிற்று. 2018ஆம் ஆண்டில்தான் கூன்முதுகு மகாசீரின் அறிவியற் பெயர் 'டோர் ரெமாதேவி' என உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டில் அது மிக அருகி அழியும் நிலையில் உள்ள உயிராகவும் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மோயாறு, அதன் எஞ்சிய புகலிடங்களுள் முதன்மையானது. பெயர் அறியுமுன்பே பொருளை இழக்கும் நிலை வந்தது!

நாம் கொள்ள வேண்டிய பாடம்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் காவிரியை அடைவன அல்ல, வெள்ளாற்றோடு சேர்வன. ஆதலால் களமருதூர் முதலிய ஊர்களில் கூன்முதுகு மகாசீரை எதிர்பார்த்தல் இயலாது. எனினும் பாடம் நமக்கும் பொருந்தும். ஒரு மீட்டருக்கு மேல் வளரவல்ல வாளை மீனை நம் நாட்டார் நன்கறிவர். அதுவும் இன்று அழிவிடருக்கு உள்ளான இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது. நாட்டு மீன்களைக் காக்க ஊராட்சி மன்றங்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியது. இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து, மீறுவோரைத் தடுத்தல் வேண்டும்.

2. கோடையிலும் வற்றாத மடு ஒன்றையேனும் இறைக்காமல் விட வேண்டும். மறுமழைக்கு வித்து அங்கேதான் தங்குகிறது.

3. புதுவெள்ளத்தில் மேலேறும் மீன் சினை மீன். மதகிலும் கால்வாயிலும் வலை கட்டி அதனை மறித்தல் கூடாது.

4. குஞ்சு விடுமுன் அது எவ்வினம் என மீன்வளத் துறையினரிடம் கேட்டறிதல் வேண்டும். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளிற்றை எக்காரணத்தாலும் விடலாகாது. அது நாட்டு மீன்களை விழுங்கிவிடும்.

5. தூண்டிலில் பெரிய தாய்மீன் அகப்பட்டால், நனைந்த கையால் தாங்கி, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, அது தானே நீந்தும் வரை பிடித்திருந்து விடுக. செவுளில் கைவிட்டுத் தூக்கினால், விட்டபின்னும் பிழைப்பது அரிது.

சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறை மீன்களை ஊரார் பிடிப்பதில்லை. அங்கே பெருமீன்கள் மனிதரருகே அச்சமின்றி நீந்துகின்றன. ஊர் கூடி எடுத்த முடிவுக்கு எத்துணை ஆற்றல் உண்டென்பதற்கு இதுவே சான்று.

விதை நெல்லைக் குத்தி உண்ணும் உழவர் எவரும் இலர். ஆற்றின் பெருமீன் ஆற்றின் விதை நெல். விளைச்சலை உண்போம், விதையைக் காப்போம். அடுத்த மீன்பாசி ஏலத்திற்கு முன் கூடும் மன்றக் கூட்டத்திலேயே, எந்த மடுவை விட்டுவைப்பது என்று உறுப்பினர்கள் முடிவு செய்வார்களாக.