படகு விளக்குக்கு ஜெனரேட்டர் எதற்கு?

மே மாதக் கோடை விழாவில் ஊட்டி ஏரியில் படகுப் போட்டியும் அலங்காரப் படகு அணிவகுப்பும் நடக்கும். சில வருடங்களுக்கு முன் கரையில் நின்று பார்த்த ஒரு படகு இன்னும் என் நினைவில் இருக்கிறது. அன்னப்பறவை போலச் சோடித்து, கழுத்திலிருந்து வால்வரை சீரியல் பல்பு சுற்றியிருந்தார்கள். நடுவில் இருவர் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கரைக்குக் கேட்டதெல்லாம் அன்னத்தின் வாலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஜெனரேட்டரின் சத்தம்தான். அத்தனை கைகள் உழைத்துக் கட்டிய அழகை ஒரு சின்ன என்ஜின் தின்றுவிட்டதே என்று எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து, படகுக்கோ கோயில் தெப்பத்துக்கோ விளக்குக் கட்டுகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“இத்தனை விளக்குக்கு ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது”

குண்டு பல்பு காலத்தில் இது உண்மை. 40 வாட் பல்பு இருபது கட்டினால் 800 வாட். அதற்கு ஜெனரேட்டர்தான் வழி. பிறகு எல்இடி வந்தது. அதே வெளிச்சத்துக்கு விளக்கின் பசி சுமார் எட்டில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் பழக்கம் மாறவில்லை, வாடகைக் கடைக்காரரிடம் இன்னும் அதே ஜெனரேட்டரைத்தான் கேட்கிறோம்.

ஒரு துடுப்புப் படகுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்இடி சீரியல் செட் ஒன்று சுமார் 6 வாட். நான்கு செட்டுக்கு 24. விளிம்பைச் சுற்றி 5 மீட்டர் எல்இடி பட்டை, மீட்டருக்கு 4.8 வாட் வகை என்றால் இன்னொரு 24. மொத்தம் 48 வாட். நான்கு மணி நேரம் எரிந்தால் 192 வாட்-மணி. வீட்டு மீட்டர் காட்டும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. அதாவது அந்த நான்கு மணி நேரமும் அன்னம் ஜொலிப்பதற்கு ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இதே வேலைக்குச் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்தால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்வரை குடிக்கும். சுமை குறைவு என்பதற்காக என்ஜின் சுற்றாமல் இருக்குமா? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் அளவு ஆற்றல் இருக்கிறது. இரண்டு லிட்டர் எரித்து, அதில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் விளக்குக்குக் கொடுத்து, மிச்சத்தையெல்லாம் சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் ஏரியில் கொட்டுகிறோம்.

சத்தத்தைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. மலையில் வானம் தெளிந்த மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். நீர்மட்டத்தில் குளிர்காற்றும் அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் இருந்தால், மேலே போகவேண்டிய ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கும். ஊட்டி ஏரி அப்படி ஒரு பள்ளத்தில்தான் இருக்கிறது. 1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. சமவெளிக் குளத்தில் கரையோடு போய்விடும் சத்தம் இங்கே எதிர்க்கரை வீட்டு ஜன்னல்வரை போகும். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பத்தை வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். அந்த அமைதியான நகர்வே அதன் அழகு. துடுப்புப் படகுக்கும் அதே அழகு உண்டு.

புகை இன்னும் மோசம். குளிருக்கும் தூறலுக்கும் பயந்து படகைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டு, உள்ளே ஜெனரேட்டரை ஓடவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தெரியும்போது எழுந்து நிற்கவே முடியாமல் போகலாம்.

“ஊட்டிக் குளிரில் பேட்டரி செத்துவிடும்”

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஈய-அமில பேட்டரி பூஜ்ஜியம் டிகிரியில் தன் கொள்ளளவில் சுமார் 80 சதவீதம்தான் தரும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது அந்தக் குறைவு தெரியும். ஆனால் அது கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டிய குறைவு, அவ்வளவுதான். 12 வோல்ட், 40 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 480 வாட்-மணி இருக்கிறது. குளிருக்கு 20 சதவீதம் கழித்தால் 384. பேட்டரியின் ஆயுளுக்காகப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்தால் 192. நம் அன்னத்துக்குத் தேவையானதும் சரியாக அதே 192! அதுவும் உறைபனி இரவுக்கான கணக்கு இது; மே மாதத்தில் மிச்சமே இருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்ற, இழப்பெல்லாம் சேர்த்து, கால் யூனிட் சொச்சம் ஆகும்.

பேட்டரி உறைந்துபோகும் என்றும் சொல்கிறார்கள். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி நீலகிரிக் குளிரில் உறையாது. லித்தியம் வாங்கினவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பூஜ்ஜியத்துக்குக் கீழே அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், ஏற்றக்கூடாது. அறைக்குள் கொண்டுவந்து குளிர் விட்டபிறகு சார்ஜ் போடுங்கள்.

கார் பேட்டரியைக் கழற்றி வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஓர் இரவுக்குப் போதும். ஆனால் அது சில நொடிகளில் என்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. நிதானமாக ஆழத்துக்கு இறக்கினால் சில முறையிலேயே கெட்டுவிடும்.

“இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கிவிட்டால் கவலை இல்லை”

கவலையே அங்கேதான் தொடங்குகிறது. முதலில் வீண்செலவு: எந்த விளக்கும் எரியாதபோதே சின்ன இன்வெர்ட்டர் 10 வாட், அதற்கு மேலும் தின்னும். அதைவிடப் பெரியது உயிர். ஏரித் தண்ணீர் நன்னீர். மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. நம் உடம்பில் உப்பு இருப்பதால் தண்ணீரைவிட உடம்பு வழியாகப் போவது மின்சாரத்துக்கு எளிது. அதனால் ஒயர் கசிந்த படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தவருக்குக் கடலைவிட ஏரியில்தான் ஆபத்து அதிகம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி நீந்த முடியாது. ஷாக்கிலிருந்து பிழைத்தாலும் மூழ்கிப்போவார். கரையிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து நிறுத்திய படகில் கட்டுவதும் இதே ஆபத்துதான். 12 வோல்ட் சீரியலும் பட்டையும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும்போது 230-ஐப் படகில் ஏற்ற எந்தக் காரணமும் இல்லை.

“12 வோல்ட்தானே, எந்த ஒயரும் போதும்”

ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 48 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட வேண்டாம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். மெல்லிய ஒயர் போட்டால் பேட்டரிக்குப் பக்கத்தில் பிரகாசமாகவும் மூக்குப்பக்கம் மங்கலாகவும் எரியும். உடனே பேட்டரியைத் திட்டுவார்கள். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம். ஃப்யூஸ் இருந்தாலும், பேட்டரி முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், தீப்பொறி பறக்கும். காகிதப் பூவும் தெர்மாகோலும் கட்டிய படகு எரிய எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து, படகின் நடுவில் அடித்தட்டில் அசையாமல் கட்டுங்கள். ஓரத்தில் வைத்தால் படகு சாயும்.

“வெளிச்சம் கூடினால்தான் தூரத்துக்குத் தெரியும்”

தண்ணீர் ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்கிக் காட்டும். மலையில் மேகம் இறங்கிவிட்டால் வெள்ளை ஃபோகஸ் லைட் படகோட்டியின் கண் முன்னால் வெள்ளைச் சுவரைத்தான் எழுப்பும். மங்கலான மஞ்சள் போதும்.

“பனிமூட்டத்தில் சோலார் வேலை செய்யாது”

சோலார் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், வெயிலின் சூடு இல்லை. சூடு ஒரு டிகிரி குறைந்தால் அதன் திறன் சுமார் 0.4 சதவீதம் கூடும். அதனால் ஜனவரியின் தெளிந்த, குளிர்ந்த பகல் தகட்டுக்கு நல்ல நாள். அடர்ந்த மேகம் மூடினால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்பதும் உண்மை. ஒரே ஒரு விழா இரவுக்காகத் தகடு வாங்கச் சொல்லமாட்டேன்; கால் யூனிட்டுக்கு வீட்டு பிளக் போதும். மின்கம்பி போகாத அணைக்கரையிலோ எஸ்டேட் குளத்திலோ மாதக்கணக்கில் படகு நிற்கிறதென்றால் 50 வாட் தகடு ஒன்று பயன்படும்.

கடைசியாக, விழா முடிந்தபின் கேட்கும் ஒன்று: பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடுமாம். பழைய ரப்பர்ப் பெட்டிக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது; குளிர்ந்த தரையில் சார்ஜ் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். பாதி சார்ஜோடு மாதக்கணக்கில் மூலையில் போட்டுவைப்பதுதான் பேட்டரியைக் கொல்கிறது. அன்றிரவே சார்ஜில் போடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி வைத்தால் அடுத்த மே மாதம் அதே பேட்டரி அதே படகுக்குத் தயாராக இருக்கும்.