இரவில் நிற்கும் ரயில்

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் 'ராயல் ஸ்காட்ஸ்மேன்' ரயிலில் நானும் என் கணவரும் மூன்று இரவுகள் பயணம் செய்தோம். எடின்பரோவின் வேவர்லி நிலையத்தில் பேக்பைப் வாசித்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் முப்பத்துச் சொச்சம் பயணிகள்தான். கிளம்பும் முன் எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்களை, போகப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் பெட்டி படுக்கை. அறை அழகானது, குளிக்கவும் வசதி உண்டு. ஆனால் ரயில் அறை ரயில் அறைதான், பெரிய சூட்கேஸைத் தரையில் விரித்து வைக்க இடமில்லை. முதல் நாள் துணிமணிகளை எடுத்து மாட்டி, காலிப் பெட்டியை எங்கே வைப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்த வேளையில் ரயில் ரானக் சதுப்பு நிலத்தைக் கடந்து போயிருந்தது. எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போனேனோ, அதைப் பார்க்கவில்லை. பெரிய பெட்டியை எடின்பரோ ஓட்டலிலேயே விட்டுவிட்டு, ஒரு சின்னப் பையோடு ஏறுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் சாதாரண உடை, ஒரு நாள் முறையான உடை என்று மாறி மாறி வரும். ஒரே ஒரு பட்டுப்புடவை எனக்குப் போதுமாக இருந்தது. கனமான ஸ்வெட்டர் மட்டும் அவசியம், ஜூன் மாதமாக இருந்தாலும். சைவர்கள் முன்பதிவின்போதே எழுதித் தெரிவித்துவிடுங்கள். வெறுமனே 'சைவம்' என்றால் போதாது. இறைச்சி, மீன், இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்யும் 'ஹேகிஸ்' அந்த நாட்டின் பெருமைக்குரிய உணவு. பருப்பும் ஓட்ஸும் சேர்த்த சைவ ஹேகிஸும் உண்டு. மிளகு தூக்கலாக, நம் நாக்குக்கு நன்றாகவே இருந்தது.

நம் ஊரில் ராத்திரி படுத்தால் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். விடியும்போது வேறு ஊர். இந்த ரயில் இரவில் ஓடாது. பயணிகள் தூங்க வேண்டும் என்பதற்காகவே ஏதாவது ஒரு சின்ன நிலையத்தில் ஒதுங்கி நின்றுவிடும். எங்கள் ரயில் முதல் இரவு ஸ்பீன் பிரிட்ஜில் நின்றது. ஜூனில் அங்கே இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது. கடைசிப் பெட்டியின் பின்னால் திறந்த திண்ணை மாதிரி ஓர் இடம் உண்டு. அங்கே நின்றபோது எங்கோ ஓடும் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. நான் கொடுத்த பணத்துக்கு அந்த ஒரு மணி நேரமே போதும் என்று தோன்றியது. காற்று இல்லாத மாலையில் 'மிட்ஜ்' என்ற, எள்ளைவிடச் சிறிய பூச்சி கூட்டமாக வந்து கடிக்கும். பூச்சி விரட்டும் களிம்பு கையில் இருக்கட்டும்.

மறுநாள் மாலெய்க் என்ற ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் ரானக் மறுபடி வந்தது. இந்த முறை திண்ணையைவிட்டு நான் நகரவில்லை. 1894இல் திறந்த பாதை அது. கரி சதுப்பின் ஆழத்தில் உறுதியான தரை கிடைக்காததால், சுள்ளிகளையும் மரவேர்களையும் பரப்பி, மேலே மண்ணும் சாம்பலும் கொட்டி, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டிருக்கிறார்கள். பாதை போடுவதற்கு முன், 1889 ஜனவரியில், அந்த வேலையில் தொடர்புள்ள ஏழு பேர் இந்தச் சதுப்பை நடந்தே கடக்கப் பார்த்து, மழையிலும் இருட்டிலும் மாட்டி உயிர் தப்பியதே பெரிய காரியமாகிவிட்டது. பக்கத்துக் கொரவர் நிலையம் 408 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுச்சாலை எதுவும் அங்கே போகவில்லை.

அந்த மலைநாட்டின் வெறுமை முழுக்க இயற்கை தந்தது என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து நூறாண்டுக்கு மேல், நில உடைமையாளர்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களைக் கிராமம் கிராமமாக வெளியேற்றினார்கள். எத்தனையோ குடும்பங்கள் கனடாவுக்குக் கப்பலேறின. மலைச்சரிவுகளில் கூரையில்லாத கல்சுவர்களைப் பார்த்தால், அங்கே ஒரு வீடு இருந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். போவதற்கு முன் இந்த வரலாற்றைக் கொஞ்சமாவது படித்துவிடுங்கள். படிக்காமல் பார்த்தால் வெறும் பச்சைதான் தெரியும்.

ஒருவருக்கே பல ஆயிரம் பவுண்டு ஆகிற பயணம் இது. நின்றுவிடும் இரவுகளும் கவனிப்பும் வேண்டும் என்றால் கொடுக்கலாம், எனக்கு வருத்தமில்லை. காட்சிகள் மட்டும் போதும் என்பவர்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து மாலெய்க்குக்குச் சாதாரண ரயில் இதே தண்டவாளத்தில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு போகிறது. ஃபோர்ட் வில்லியமில் அது திசை மாறிக் கிளம்பும். அங்கிருந்து, போகும் திசைக்கு இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளென்ஃபினன் பாலத்தின் 21 வளைவுகளும் அந்தப் பக்கம்தான் வளைந்து தெரியும்.