கிறீச்சிடும் கியர் சைக்கிள்: சத்தத்தைக் கண்டுபிடிக்கும் முறை

சைக்கிள் வியாபாரத்தில் உள்ள நம் உறுப்பினர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். எம்.டி.பி. வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்கிறார். "மிதிக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்கிறது. புது வண்டிதானே கொடுத்தீர்கள்?" என்று நான்கு பேர் முன்னிலையில் கேட்கிறார். நாமும் அவசரத்தில் கொஞ்சம் எண்ணெய் அடித்து அனுப்பிவிடுகிறோம். இரண்டு நாளில் அதே சத்தத்தோடு திரும்பி வருகிறார். அல்லது திரும்பி வராமலே அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார். இரண்டாவதுதான் பெரிய நட்டம்.

பழைய கறுப்பு சைக்கிளில் 'கடக் கடக்' என்று கேட்டால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது என்று கடைப் பையனே சொல்லிவிடுவான். எம்.டி.பி.யில் காட்டர் பின் இல்லை. இணைப்புகளும் அதிகம். பிரேமோ பெரும்பாலும் பருத்த அலுமினியக் குழாய். அதன் உட்புறம் கூடாக இருப்பதால், சத்தம் ஓரிடத்தில் பிறந்து வேறோரிடத்தில் கேட்கும்.

இதில் நாமே ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். ஒரு கல்லூரி மாணவரின் வண்டியில் சத்தம் பி.பி. செட்டில்தான் என்று முடிவுகட்டி, புதியது போட்டுப் பணமும் வாங்கினோம். மறுநாளே அதே சத்தம். கடைசியில் சீட் பில்லரைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவிப் பொருத்தியதும் சத்தம் நின்றது. பி.பி. செட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கண்டுபிடிக்கும் முன் எதையும் மாற்றக் கூடாது என்பது அன்று கற்ற பாடம்.

சத்தம் ஏன் வருகிறது? இரண்டு பாகங்கள் சேரும் இடம் உலர்ந்திருந்தாலோ, தூசு புகுந்திருந்தாலோ, இறுக்கம் போதாவிட்டாலோ, பாரம் ஏறும்போது அவை மயிரிழை அளவு நகர்கின்றன. ஒட்டுவதும் விடுபடுவதுமாக நடக்கும் அந்த உராய்வுதான் நம் காதில் கிறீச்சென்று விழுகிறது. எனவே மேலாக எண்ணெய் அடிப்பதால் பயனில்லை. அந்த எண்ணெய் டிஸ்க்கில் பட்டுவிட்டால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

இந்த வண்டிக்கும் கிரீஸுக்கும் பழைய உறவு உண்டு. 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர ஹப் பிரேக்கின் சூட்டில் கிரீஸ் எரிந்துபோகும். மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. எம்.டி.பி. வளர்ந்தது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இனி முறைக்கு வருவோம். ஸ்பானரை எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

1. எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் முதலில் சீட்டின் கம்பிகள், அவற்றைப் பிடிக்கும் கிளாம்ப், சீட் பில்லர் ஆகியவற்றைப் பார்க்கவும்.

2. மிதியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கேட்கிறதா? பெடல், கிராங்க் போல்ட், முன் பல்சக்கர போல்ட், பி.பி. செட் ஆகியவற்றில் ஒன்று.

3. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்கிறதா? செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கக்கூடும். 36 பல் உள்ள சக்கரத்தில் 108 கண்ணிச் செயின் ஒருமுறை முழுதாக வர மூன்று சுற்று ஆகும்.

4. மிதிக்காமல் உருளும்போதும் கேட்கிறதா? சக்கர அச்சு, ஸ்போக்ஸ், ஹெட்செட் ஆகியவற்றைச் சோதிக்கவும்.

5. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தினால் கேட்கிறதா? ஸ்டெம், ஹேண்டில்பார், ஹெட்செட் ஆகியவற்றில் தேடவும்.

இதன்பின் ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, உரிய அளவு இறுக்கி, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கைந்தைச் சேர்த்துக் கழற்றினால் எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது. செலவில்லாத சோதனைகளே முதலில்: சீட் பில்லர், பெடல் மரை, பின்சக்கர அச்சு, கியர் ஹேங்கர். பி.பி. செட் கடைசியில். இடப்பக்கப் பெடலுக்கு எதிர்மரை என்பதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லி வைக்கவும். கார்பன் சீட் பில்லருக்குக் கிரீஸ் கூடாது. அதற்கென உள்ள பேஸ்ட்தான் தடவ வேண்டும். ஸ்டெம் போல்ட்டின் இறுக்க அளவு பெரும்பாலும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அதற்கு மேல் முறுக்குவது சத்தத்துக்கு மருந்தல்ல.

கிராங்க் தளர்ந்திருந்தால் அன்றே இறுக்கித் தர வேண்டும். அப்படியே ஓட்டினால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை தேய்ந்து அகன்றுவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இரண்டு நிமிட வேலை புதுக் கிராங்க் செலவில் போய் முடியும்.

எல்லாம் செய்தும் சத்தம் போகவில்லையா? பிரேமை நன்றாகக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் வைத்து, வெல்டிங் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவும். முன்குழாயின் அடிப்பகுதி, சீட் பில்லர் நுழையும் இடம், பி.பி. செட்டைச் சுற்றிய பகுதி, ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில்பார் ஆகியவை முக்கியம். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். சீட் பில்லரைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் தூக்கி ஓட்டியவர்களின் வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விரிசல் கண்ட வண்டியை "பார்த்து ஓட்டுங்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பட்டறையில் வெல்டு வைத்துத் தருவதும் தவறு. சூட்டில் பதப்படுத்திய அலுமினியம் வெல்டிங் பட்ட இடத்தில் வலுவிழந்துவிடும். வாரண்டி இருந்தால் கம்பெனிக்கு அனுப்பவும். இல்லையென்றால் ஓட்ட வேண்டாம் என்று நேராகச் சொல்லவும். இறக்கத்தில் ஹேண்டில்பார் முறிந்தால் போவது ஓர் உயிர்.

கடைசியாக ஒன்று. வண்டி நம்மிடம் அட்டைப்பெட்டியில் அரைகுறைப் பொருத்தத்தோடு வருகிறது. பெடல், சீட், ஹேண்டில்பார், முன்சக்கரம் ஆகியவற்றை மாட்டுவது நம் கடையில்தான். பண்டிகைக் கூட்டத்தில் பெடல் மரைக்கும் சீட் பில்லருக்கும் கிரீஸ் தடவாமல் மாட்டிக் கொடுத்தால், சத்தத்தை நாமே விற்றதாகிறது. மொத்த வியாபாரிகள் வண்டியோடு ஒரு டப்பா கிரீஸையும் டார்க் ரென்ச்சையும் சில்லறைக் கடைகளுக்கு எடுத்துச் சொல்லி விற்கலாம். நாமும் விற்ற ஒரு மாதத்தில் வாடிக்கையாளரை அழைத்து, போல்ட்டுகளை இலவசமாகச் சரிபார்த்துக் கொடுக்கலாம். சத்தமில்லாமல் ஓடும் வண்டி நம் கடைப் பெயரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே போகும்.