உங்கள் புரோகிராம் அட்மினிஸ்ட்ரேட்டராக இயங்குகிறதா?

புதுக் கம்ப்யூட்டரில் நாம் முதலில் உருவாக்கும் யூசர் அக்கவுண்ட், பொதுவாக அட்மினிஸ்ட்ரேட்டர் வகையைச் சேர்ந்தது. அப்படியானால் அதில் திறக்கும் எல்லா புரோகிராம்களுக்கும் முழு உரிமை உண்டா? 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அப்படித்தான் இருந்தது. பிரவுசர் வழியாக நுழைந்த வைரஸுக்கும் அதே உரிமை கிடைத்தது. 2007-ல் வீட்டு உபயோகத்திற்கு வந்த விஸ்டாவில் இது மாறியது. இப்போது புரோகிராம்கள் சாதாரண உரிமையோடு இயங்குகின்றன. அனுமதி கேட்கும் கட்டத்தில் நீங்கள் யெஸ் கொடுத்தால்தான் முழு உரிமை கிடைக்கும். வருகிறவர் எல்லோரிடமும் பீரோ சாவியை நாம் கொடுப்பதில்லையே!

எந்த புரோகிராமிடம் சாவி இருக்கிறது என்று பார்ப்போமா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது செயல்படும்.

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒருசேர அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய விண்டோவாகத் தெரிந்தால் கீழே உள்ள மோர் டீடெய்ல்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும்.

2. டீடெய்ல்ஸ் பகுதிக்குச் செல்லவும். மேலே நேம் என்றுள்ள தலைப்பில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் தேர்ந்தெடுக்கவும்.

3. பட்டியலில் எலிவேட்டட் என்பதன் எதிரே டிக் செய்து ஓகே கொடுக்கவும்.

புதிய காலத்தில் யெஸ் என்றிருந்தால் அந்த புரோகிராமுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உண்டு. நோ என்றால் இல்லை. யூசர் நேம் காலத்தில் சிஸ்டம் என்று உள்ளவை பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வேலைகள்; அவற்றில் யெஸ் இருப்பது இயல்பு.

ஆனால் பிரவுசருக்கு நேராக யெஸ் இருந்தால் கவனிக்க வேண்டும். இன்ஸ்டால் முடிந்ததும் தானாகத் திறக்கும் புரோகிராம் சில சமயம் இன்ஸ்டாலரின் உரிமையோடேயே இயங்கும். அதை மூடிவிட்டு மீண்டும் திறந்தால் போதும். அப்போதும் யெஸ் என்றே வருகிறதா? புரோகிராமின் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் செல்லவும். கம்பாட்டிபிலிட்டி டேபில் 'ரன் திஸ் புரோகிராம் அஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடவும்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முழு உரிமையோடு திறந்திருந்தால் அதன் டைட்டில் பாரிலேயே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று காட்டும்.

அடுத்த முறை அனுமதி கேட்கும் கட்டம் வந்தால், யெஸ் அழுத்தும் முன் புரோகிராமின் பெயரை ஒருமுறை படித்துவிடுங்கள்.