நன்னீர்த் திருக்கை: தொட்டி அமைத்தலும் ஆகாரமிடுதலும்

கடற்கரை ஜில்லாக்களில் திருக்கை மீனை அறியாதவர் இலர். ஆயினும் உப்பு நீரை அறவே நீங்கி, ஆற்று ஜலத்திலேயே பிறந்து வளரும் திருக்கை இனங்களும் உண்டு. தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ, பரானா முதலிய நதிகள் இவற்றின் தாயகமாம். இவற்றுள் மோட்டோரோ எனப்படுவது, பழுப்பு நிற முதுகில் கருவளையமிட்ட மஞ்சட் புள்ளிகளையுடையது. அழகின்பொருட்டுப் பல தேசங்களில் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. புதிதாய் வாங்கிய திருக்கை சில வாரங்களுக்குள் மடியுமாயின், நோயைக் காட்டிலும் பக்குவப்படாத ஜலத்தையே முதற்கண் ஐயுறல் வேண்டும்.

கடல் திருக்கை தன் கழிவை யூரியாவாக மாற்றி, அதில் பெரும்பகுதியை இரத்தத்தில் நிறுத்திக்கொள்ளும். நன்னீர்த் திருக்கையோ அவ்வாற்றலை இழந்தது. கழிவை அம்மோனியாவாகவே வெளிவிடும். தீனியும் மிகுதியாய்த் தின்னும். நதியில் ஓட்டம் அக்கழிவைக் கொண்டுபோய்விடும். தொட்டியிலோ அதுவே விஷமாகிவிடும்.

தொட்டிக்கு உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். இளமீனுக்கு 6 அடி நீளமும் 3 அடி அகலமும் தேவை. ஜலம் 20 அங்குலம் நின்றால் ஏறக்குறைய 850 லிட்டர் கொள்ளும். அப்பாரத்தைத் தாங்கும் தரையில்தான் வைக்கவேண்டும். மீன் பெருத்தபின் 8 அடிக்கு 4 அடி வேண்டியிருக்கும். சிமெண்டுத் தொட்டியும் உதவும். ஆனால் புதுச் சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் நீங்கும்வரை பலமுறை ஜலம் நிரப்பி வடித்தல் அவசியம். அடியில் ஓரங்குலம் மென்மணல் போதும். கூர்ங்கற்கள் வயிற்றைக் கிழித்துவிடும். ஜலம் 26 முதல் 29 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருத்தல் நலம். குளிர்ந்த மலைப்பிரதேசங்களில் மின்சாரச் சூடேற்றி வைப்போர் அதற்குக் கூடிட்டு மறைக்கவேண்டும். இன்றேல் திருக்கை அதன்மேற் படுத்துச் சுட்டுக்கொள்ளும்.

வயலில் இட்ட அம்மோனியம் சல்பேட்டு, மண்ணின் நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாறுகிறதன்றோ? தொட்டியின் வடிகட்டியிலும் நடப்பது அதுவே. பக்கத்தில் ஒரு சிறு தொட்டியை நுண்துளைக் கற்களால் நிரப்பி, மோட்டாரினால் ஜலம் ஓயாமல் அதன் வழியே சுழலச் செய்யவேண்டும். மீன் இல்லாத தொட்டியில் கலப்பற்ற நவச்சாரம் 5 கிராம் கரைத்து, சோதனைத் துளிமருந்தினால் நாடோறும் பார்த்துவருக. அம்மோனியா மறைந்ததும் மீண்டும் அவ்வளவே இடுக. இட்ட ஒரு நாளைக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே இல்லையென்று காணுங்காலம் வடிகட்டி பக்குவமாயிற்று. இதற்கு 4 முதல் 6 வாரம் செல்லும். நாற்றங்கால் விடாமல் நடவுக்கு ஆள் அழைப்பார் இலர். இங்குமட்டும் அவசரப்படுவோர் பலர். பின்பு ஜலத்தின் பெரும்பகுதியை மாற்றியே மீனை விடுக. வாரந்தோறும் மூன்றிலொரு பங்கேனும் மாற்றிவரல் வேண்டும். வடித்த ஜலத்தில் நைட்ரேட்டு இருப்பதால் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். குழாய் ஜலத்தில் குளோரின் நீங்கியபின்னரே அதனை உபயோகிக்கவேண்டும். உவர்க்கிணற்று ஜலம் ஆகாது. மின்சாரம் நின்றால் காற்றூட்டுவதற்கு மின்கல விசையொன்றும் ஆயத்தமாயிருக்கவேண்டும்.

ஆகாரத்தில் மண்புழுவே சிறந்தது. பூச்சிமருந்து தெளியாத நிலத்தில் எடுத்து, ஒரு நாள் ஈரத்துணியில் வைத்து மண் கழிந்தபின் கழுவி, நறுக்கிப் போடலாம். எருக்குழியின் சிவப்புப் புழு நாறும் நீரைக் கசிப்பதால் பல மீன்கள் அதனை உமிழ்ந்துவிடும். ஓடு நீக்கிய இறாலும் மீன்சதையும் கொடுக்கலாம். எனினும் பச்சை இறாலையே நெடுங்காலம் கொடுத்துவரின், அதிலுள்ள ஒரு பொருள் பி1 வைட்டமினை அழித்து மீனை நலியச் செய்யும். ஆட்டிறைச்சியின் கொழுப்பு ஆகாது. கண் முதுகிலும் வாய் வயிற்றிலும் இருப்பதால் திருக்கை தான் தின்பதைக் காண்பதில்லை. மோப்பத்தாலும், இரையின் மெல்லிய மின்சாரத்தை உணர்ந்துமே தேடும். ஆதலின் தீனி தரையில் விழவேண்டும். விரைந்து பறிக்கும் மீன்களுடன் வைத்தால் பட்டினி கிடக்கும். குட்டிக்கு நாளொன்றுக்கு இருமுறை மும்முறையாகவும், வளர்ந்ததற்கு ஒருமுறையும் இட்டு, எஞ்சியதை அரைமணி நேரத்தில் எடுத்துவிடுக. வாலடியில் இருபுறமும் எலும்பு புடைத்துத் தோன்றின் ஆகாரம் போதவில்லை. உடலின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளுமாயின் ஆபத்து நெருங்கிற்று. உடனே ஜலத்தைச் சோதித்து, அதே உஷ்ணமுள்ள நல்ல ஜலத்தால் பாதியை மாற்றவேண்டும்.

வாலிலுள்ள முள் விஷமுடையது. குத்துண்டவர் தாங்கக்கூடிய வெந்நீரில் அவ்வுறுப்பை அமிழ்த்தி நோவைத் தணித்துக்கொண்டு, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. சிங்கப்பூரின் அப்பர் செலட்டார் நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ திருக்கைகள் புகுந்து இனம்பெருகி நிலைத்துவிட்டன. நம் ஏரிகளில் மதகு பார்க்கவும் வலைவீசவும் ஜனங்கள் வெறுங்காலுடனேயே இறங்குகின்றனர். வளர்க்க இயலாதவர் மீனை ஏரியிலோ வாய்க்காலிலோ விடாமல், விற்றவரிடமே திருப்பவோ, தொட்டி வசதியுள்ள வேறொருவரிடம் ஒப்புவிக்கவோ செய்தல் வேண்டும்.